எல்லாத்துக்கும் அஞ்சு

அதன்மேல் பையை வைக்காதீர்கள் சார். கவிழ்ந்து கிடந்தாலும் அந்தப் பானைக்கு ஆள் இருக்கிறது. இந்தக் கல்லில் வையுங்கள்.

பஸ்ஸா? பன்னிரண்டே காலுக்கு வரும். அதை விட்டால் ஒன்றே முக்கால். உங்கள் பல்கலைக்கழக வண்டியிலேயே வந்திருக்கலாமே? ஓ, அதில் வந்தால் ஊர்க்காரர்கள் பேசமாட்டார்கள் என்று டவுன் பஸ்ஸில் வந்தீர்களா. அந்த மட்டுக்கு யோசித்திருக்கிறீர்கள். ஆனாலும் யாரும் பேசவில்லை, இல்லையா? பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்பது மணியிலிருந்து வீடு வீடாகப் போனீர்கள். பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள். மீதிப் பேர் உங்களைப் பார்த்ததும் காட்டுக்குப் போகிற மாதிரிக் கிளம்பிவிட்டார்கள். கடைசியில் எங்கள் ஊர்த்தலைவர் சேவுகப்பெருமாள் பெரியப்பா, "பஸ் ஸ்டாப்புல ஒரு பிள்ளை ஆடு மேய்ச்சுக்கிட்டு நிக்கும். அதுக்கிட்டக் கேளுங்க. ஊருக்கே எழுதுன பிள்ளை அது" என்று சொல்லியிருப்பார். நக்கலாகச் சொல்லியிருப்பார். உங்களுக்குப் புரிந்திருக்காது.

காட்டுங்கள் அந்தத் தாளை. "மக்கள் தொடர்பியல் பாடத்திட்டத்தை மேம்படுத்துவதற்கான கருத்துக் கேட்புப் படிவம்." நல்ல வழவழ காகிதம். கேள்வி ஒன்று. "எங்கள் மாணவர்கள் உங்களுடன் தொடர்புகொள்ளும் முறையை எவ்வாறு மதிப்பிடுவீர்கள்? ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து." மறுபடியும் அஞ்சா! வெட்கமே இல்லையா சார்? உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் வேலைக்குச் சேர்ந்தே ஏழு மாதம்தான் என்கிறீர்கள். உங்கள் துறையைச் சொல்கிறேன். இல்லை, உங்களையும்தான் சொல்கிறேன். புதுசாக வந்தவருக்குப் புதுசாக ஒரு தாள் அடிக்கத் தெரியாதா?

என் பெயர் பாண்டிமீனா. பதினெட்டு வயசு. பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஏன் என்று கேட்கத்தான் போகிறீர்கள், முந்திச் சொல்லிவிடுகிறேன். பிடிக்கவில்லை. வீட்டில் கஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள், அம்மா அடித்துக்கூடப் பார்த்தாள், நான் போகவில்லை. ஒரே விஷயத்தை நாற்பது நிமிஷம் சொல்வார்கள். எனக்கு நாலு நிமிஷத்தில் புரிந்துவிடும், இல்லாவிட்டால் புரியவே புரியாது. மீதி முப்பத்தாறு நிமிஷம் நான் என்ன செய்ய? எழுதிப் பழகினேன். அதனால்தான் எழுத்து மட்டும் எனக்கு அச்சடித்த மாதிரி இருக்கும். மாவட்ட அளவில் கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு. நம்பாவிட்டால் பேனாவைக் கொடுங்கள், காட்டுகிறேன். சரி, அப்புறம்.

அந்தப் போர்டைப் பார்த்தீர்களா? ஆடு உரசி உரசிச் சாய்ந்து கிடக்கிறதே, அதுதான். "உசிலங்கரை. மக்கள் தொடர்பியல் துறையால் தத்தெடுக்கப்பட்ட கிராமம்." அதை நட்டபோது நான் எட்டாம் வகுப்பு. தத்தெடுக்கிறவர்கள் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்பார்களா இல்லையா? எங்களை யாரும் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் வந்தார்கள், குழி தோண்டினார்கள், நட்டார்கள், அதோடு நின்று போட்டோ எடுத்தார்கள். அன்றிலிருந்து நாங்கள் உங்கள் பிள்ளை.

வருஷாவருஷம் மாசி மாதம் இரண்டு பஸ்ஸில் வருவீர்கள். களப்பயிற்சி. ஒரு வருஷம் கை கழுவச் சொல்லிக்கொடுத்தீர்கள். ஒரு வருஷம் போனில் ஓ.டி.பி. சொல்லாதே என்றீர்கள். வெள்ளையம்மா அத்தையிடம் போனே கிடையாது, அதற்கும் ஒரு தொப்பியைப் போட்டு நடு வரிசையில் உட்கார வைத்தீர்கள். உங்கள் துறைத்தலைவி சந்திரவதனா மேடம் மைக்கைப் பிடித்து, "தொடர்பு என்பது இருவழிப் பாதை" என்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அதே வாக்கியம். இருவழிதான். நீங்கள் வருகிற வழி ஒன்று, போகிற வழி ஒன்று.

கடைசியில்தான் படிவம். இதே மாதிரி. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து அஞ்சு. அடியில் "தங்கள் மேலான கருத்து" என்று நாலு கோடு. படிவம் கொடுத்தால் தக்காளி சாதப் பொட்டலம். ஒரு படிவத்துக்கு ஒரு பொட்டலம். அதுதான் முறை. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, ஆனால் அது சாமி பிரசாதம் மாதிரி ஆகிவிட்டது. பொட்டலம் வாங்க வேண்டுமா, தாளை நீட்டு.

எங்கள் ஊரில் நூற்றுப் பன்னிரண்டு வீடு. பெரியவர்கள் முக்கால்வாசிப் பேருக்குப் பேர் எழுதத்தான் தெரியும், சில பேருக்கு அதுவும் ரேகைதான். அதனால் முதல் வருஷமே, "பாண்டிமீனாவைக் கூப்பிடு, அது அழகா எழுதும்" என்று என்னை உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளதைச் சொல்கிறேன் சார், முதலில் நான் ஒழுங்காகத்தான் கேட்டேன். முதல் ஆள் வெள்ளையம்மா அத்தை. "அத்தை, நிகழ்ச்சி எப்படி இருந்துச்சு, ஒண்ணா அஞ்சா?" என்றேன். அத்தை, "எதுக்கு ஒண்ணு, எதுக்கு அஞ்சு?" என்று கேட்டது. சொன்னேன். அத்தை யோசித்தது. "அந்தப் பச்சைச் சட்டைப் பையன் நல்லா ஆடுனான். ஆனா என்ன சொன்னான்னு வெளங்கல. அதுக்கு எத்தனை?" என்றது. அது அப்படித்தான். ஒரு கேள்விக்கு ஒரு பீடி பற்றவைத்து அணைக்கிற நேரம் ஆகும். மூன்றாவது கேள்விக்கு நாங்கள் வருவதற்குள் உங்கள் மாணவி ஒரு அக்கா, கண்ணாடி போட்டவள், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"பாப்பா, மூணரைக்கு பஸ் எடுத்துருவாங்க. இப்படிக் கேட்டா முடியாது. எல்லாத்துக்கும் அஞ்சு போடு."

"கேக்காமலா?"

"எல்லாரும் அஞ்சுதான் சொல்லுவாங்க. போடு."

போட்டேன். எனக்கும் அதுதான் பிடித்தது, பொய் சொல்வானேன். நாலு நிமிஷத்து வேலையை நாற்பது நிமிஷம் இழுப்பது எனக்கு ஆகாது. நூற்றுப் பன்னிரண்டையும் மூன்று மணிக்கே முடித்தேன். அந்த அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, "சூப்பர் பாப்பா, எங்க பசங்களைவிட ஃபாஸ்ட்" என்றாள். அடுத்த வருஷம் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே, "அந்த அழகா எழுதுற பாப்பா எங்கே?" என்றுதான் கேட்டார்கள்.

மேலான கருத்தும் நான்தான். முதல் வருஷம் "நன்று" என்று எழுதினேன். இரண்டாவது வருஷம் அது எனக்கே சப்பென்று இருந்தது. "இந்நிகழ்ச்சி எங்கள் குடிசைகளில் ஏற்றி வைத்த குத்துவிளக்கு" என்று எழுதினேன். நன்றாக இல்லை? எங்கள் ஊரில் குடிசையே ஒன்பதுதான், மற்றதெல்லாம் ஓட்டு வீடு, காரை வீடு. ஆனால் வாக்கியம் நன்றாக இருந்தது. சந்திரவதனா மேடம் அதை மைக்கில் படித்தார்கள். ஊரே கை தட்டியது. தாங்கள் எழுதியது என்று நினைத்தே தட்டினார்கள்.

சிரிக்காதீர்கள். இனிமேல் சிரிப்பு வராது.

உங்கள் புது ஹாஸ்டல் கட்டினது இரண்டு வருஷத்துக்கு முந்தி. ஆயிரம் பிள்ளைகள் என்கிறார்கள். குளிக்கிற தண்ணீர், கழுவுகிற தண்ணீர், எல்லாத் தண்ணீரும் ஒரு குழாயில் ஓடைக்கு வருகிறது. ஓடை எங்கள் ஊரணிக்கு வருகிறது. ஊரணி தெரியுமா, எந்த ஊர் நீங்கள்? சென்னையா. சரி. ஊரணி என்றால் குடிக்கிற தண்ணீர்க் குளம். அதில் கால்கூட நனைக்க மாட்டோம். செருப்பைக் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் இறங்குவோம். அதில் நுரை மிதந்தது. முதலில் மழை நுரை என்றார்கள். சித்திரையிலும் மிதந்தது. அப்புறம் நாற்றம். அப்புறம் சோறு வடித்தால் ஒரு மாதிரி மஞ்சள். சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தி. எங்கள் ஆடு பதினொன்றில் மூன்று போனது.

பெரியப்பா இரண்டு தடவை உங்கள் கேட்டுக்குப் போனார். செக்யூரிட்டி, "கடிதம் குடுத்துட்டுப் போங்க" என்றான். நான்தான் எழுதிக் கொடுத்தேன். பதிலே இல்லை.

இந்த வருஷம் மாசியில் வழக்கம்போல வந்தீர்கள். என்ன தலைப்பு தெரியுமா? "தண்ணீரைக் காப்போம்." நீங்களும் வந்தீர்களா? வரவில்லையா, தப்பித்தீர்கள். ஒரு பையன் நீல ஸ்பாஞ்சில் தண்ணீர்த்துளி வேஷம் போட்டு வந்தான். முகம் மட்டும் வெளியே. ஊரணிக் கரையில் நின்று, "நான்தான் உங்கள் உயிர்த்துளி" என்று ஆரம்பித்தான். காற்று திரும்பியது. துளி குனிந்து வாந்தி எடுத்தது. அந்த ஸ்பாஞ்சைப் பின்னால் அவிழ்க்க வேண்டும் போல, அவசரத்தில் யாருக்கும் அவிழ்க்கத் தெரியவில்லை. எங்கள் பொம்பளைகள்தான் பிடித்து அவிழ்த்து மோர் கொடுத்தார்கள். பெரியப்பா மேடத்திடம் போய், "பாத்தீகளா தாயி? உங்க பிள்ளைக்கே ஒத்துக்கல. அந்தக் குழாயை மட்டும் அடைக்கச் சொல்லுங்க" என்றார். மேடம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஐயா, இதை அப்படியே படிவத்துல எழுதிக் குடுங்க. மேலிடத்துக்கு எடுத்துட்டுப் போறோம்" என்றார்கள்.

அன்றைக்கும் நான்தான் எழுதினேன்.

என்ன எழுதினேன் என்று கேளுங்கள். கேளுங்கள் சார், கேட்கத்தானே வந்தீர்கள்? நூற்றுப் பன்னிரண்டு படிவத்தில் பெரியப்பாவின் படிவத்தில் மட்டும் குழாய் விஷயத்தை எழுதினேன். மற்றதற்கெல்லாம் அஞ்சு போட்டேன். ஏனா? பஸ் மூன்றரைக்கு. பொட்டலம் ஆறிக்கொண்டிருந்தது. பெரியப்பா எழுதினால் ஊர் எழுதினது மாதிரிதானே என்று நினைத்தேன். அதோடு வருஷாவருஷம் போடுகிறதுதான், கை தானாகப் போனது. இதில் என் தப்பு என்ன இருக்கிறது? அந்தப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். பத்துக் கேள்வியும் நிகழ்ச்சியைப் பற்றி. ஒரு கேள்வியாவது எங்களைப் பற்றி இருக்கிறதா? நிகழ்ச்சி நன்றாகத்தான் இருந்தது, துளி வாந்தி எடுத்தது வரைக்கும்.

ஒரு மாதம் பார்த்தோம். குழாய் அப்படியே ஓடியது. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்குவார்களே, அதற்குப் போவோம் என்று பெரியப்பா சொன்னார். "ஒரே மனுவுல எல்லாரும் கையெழுத்துப் போட்டா ஒரே ஃபைல்ல குத்திருவான். வீட்டுக்கு ஒரு மனு குடுப்போம். கனமா இருக்கும்" என்றார். நல்ல யோசனை. எழுதுவது யார்? நான். நாலு நாள். பகல் முழுக்க எழுதினேன், விரல் வீங்கிவிட்டது, அம்மா சோற்றை ஊட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வீடு போய்க் கேட்டு எழுத முடியுமா? நீங்களே சொல்லுங்கள். ஆளுக்கு அரைமணி என்றால்கூட ஒரு வாரம் போய்விடும். அவர்களும், "உனக்குத் தெரியாததா, நீயே எழுதிக் குடு, கை வைக்கிறோம்" என்றார்கள். அதனால் நான் மூன்று மாதிரி தயார் செய்தேன். முதல் மாதிரி: "என் பச்சிளம் குழந்தை வாந்தி பேதியால் துடிக்கிறது." இரண்டாவது: "என் உடலெங்கும் அரிப்பு." மூன்றாவது: "என் ஆடு மாடுகள் மடிந்தன." எல்லாம் ஊரில் நடந்ததுதான் சார். ஒன்றுகூடக் கற்பனை இல்லை. தெருவோரமாக ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக்கொண்டே போனேன்.

கொடுத்தோம். மூன்று வாரத்தில் ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரணை என்று வரச் சொன்னார்கள். நாற்பது பேர் போனோம். அந்த ஆர்.டி.ஓ. அம்மா நல்ல மாதிரிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் நாற்காலி போடச் சொன்னார். எங்கள் மனுக்கட்டைப் பிரித்துத் தன் முன்னால் வைத்திருந்தார். உங்கள் தரப்பில் வந்தது பல்கலைக்கழக பி.ஆர்.ஓ. குலோத்துங்கன். தெரியுமா? உங்கள் துறையில் வகுப்பும் எடுக்க வருவாரா? அப்படியானால் நான் சொல்வதை நன்றாகக் கேளுங்கள்.

அவர் கத்தவே இல்லை. ஒரு நீல அட்டைப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். பைண்டு செய்திருந்தது. "மேடம், இந்த ஊரோட எங்களுக்கு அஞ்சு வருஷ உறவு. வருஷாவருஷம் ஜனங்ககிட்டக் கருத்துக் கேக்குறோம். ஐந்நூத்தறுபது படிவம். ஒருத்தர் விடாம அஞ்சுக்கு அஞ்சு. போன மாசிகூட. ஒரே ஒரு ஆள் மட்டும் ஏதோ குழாய்னு எழுதியிருக்காரு, அவரு இங்கதான் இருக்காரு. யாரோ தூண்டிவிடுறாங்க மேடம், பாவம் இந்த ஜனங்க" என்றார். அப்புறம் ஒரு பக்கத்தைத் திருப்பிப் படித்தார். "இந்நிகழ்ச்சி எங்கள் குடிசைகளில் ஏற்றி வைத்த குத்துவிளக்கு."

என் வாக்கியம் சார். என் வாக்கியத்தை எடுத்து என் ஊர் வாயிலேயே அடைத்தார்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. எழுந்து நின்றேன். அம்மா என் தாவணியைப் பிடித்து இழுத்தாள். உதறினேன்.

"மேடம், அதெல்லாம் பொய். அத்தனையும் நான் எழுதுனது. யாரையும் கேக்கல. எல்லாத்துக்கும் நான்தான் அஞ்சு போட்டேன். வேணும்னா எழுத்தைப் பாருங்க."

ஆர்.டி.ஓ. அம்மா பார்த்தார். பத்து இருபது பக்கம் புரட்டினார். ஒரே எழுத்து. அவர் முகம் மாறியது. குலோத்துங்கனைப் பார்த்து, "என்ன சார் இது?" என்று கேட்டார். கேட்டார் சார்! அந்த ஒரு நிமிஷம் நாங்கள் ஜெயித்துவிட்டோம். பெரியப்பா என் தலையைத் தடவினார்.

குலோத்துங்கன் என்ன செய்தார் தெரியுமா? எங்கள் மனுக்கட்டிலிருந்து ஒன்றை உருவி, அந்த நீலப் புத்தகத்துப் பக்கத்தில் வைத்தார். "இதையும் பாருங்க மேடம்." அவ்வளவுதான்.

"இதுவும் நீதான் எழுதுனியாம்மா?"

"ஆமா மேடம்."

"நூத்திப் பன்னெண்டுமா?"

"ஆமா மேடம். நாலே நாள்ல." பெருமையாகத்தான் சொன்னேன்.

"இதுக்கு எல்லாரையும் கேட்டியா?"

நான் உள்ளதைச் சொல்கிறவள். ஆனால் அப்போது, "எல்லாம் ஊர்ல நடந்ததுதான் மேடம்" என்று மட்டும் சொன்னேன். அவர் கையிலிருந்த மனுவைப் படித்தார். "வெள்ளையம்மா யாரு?"

அத்தை எழுந்து நின்றது. வெளியூருக்குக் கட்டுகிற ஊதாப் புடவை.

"உக்காருங்கம்மா. உங்க குழந்தைக்கு வாந்தி பேதின்னு எழுதியிருக்கு. இப்ப எப்படி இருக்கு?"

அத்தை என்னைப் பார்த்தது. அப்புறம் அந்த அம்மாவைப் பார்த்தது. "எனக்கு ஏது தாயி பிள்ளை?" என்றது.

பின்னால் யாரோ, உங்கள் ஆபீஸ் ஆள்தான், கொஞ்சம் சிரித்தான்.

அத்தைக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். பிள்ளை இல்லை. ஊரில் யாரும் அதன் முன்னால் அந்தப் பேச்சை எடுக்க மாட்டோம். நான் எடுக்க வேண்டும் என்று எடுத்தேனா? வரிசையில் அதன் வீட்டுக்கு ஒன்றாம் நம்பர் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஆரம்பித்திருந்தால் அரிப்பு வந்திருக்கும். அவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய்.

உத்தரவு வந்தது. "மனுதாரர்கள் தங்கள் மனுவின் உள்ளடக்கத்தையே அறிந்திருக்கவில்லை. மேல்நடவடிக்கை தேவையில்லை." தட்டச்சு செய்திருந்தது. அதில் எழுத்துப் பார்க்க முடியாது, பாருங்கள். குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கிருந்தே காது கொடுத்தால் கேட்கும், ஹாஸ்டல் பிள்ளைகள் எழுந்து குளிக்கிற நேரம் சத்தம் கூடும்.

அன்றைக்கு வாசலில் குலோத்துங்கன் என்னிடம் வந்து, "பாப்பா, நல்லா எழுதுற. பேசாம பன்னெண்டு முடிச்சுட்டு நம்ம டிபார்ட்மெண்டுல சேரு. உன்னை மாதிரி ஆளுதான் வேணும்" என்றார். சட்டையைப் பிடித்திருப்பேன். பெரியப்பா நடுவில் வந்துவிட்டார். வந்து அவரையா திட்டினார்? என்னைத் திட்டினார். "எழுதிக் கிழிச்சது போதும், வண்டியில ஏறுத்தா." இப்போது ஊரில் ஒரு ரேஷன் கார்டு விண்ணப்பத்துக்குக்கூட என்னிடம் யாரும் வருவதில்லை. பக்கத்து ஊர்ப் போஸ்ட்மேனிடம் போகிறார்கள். அவர் எழுத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கோழி கிளறின மாதிரி இருக்கும்.

அத்தை என்னோடு பேசி மூன்று மாதம் ஆகிறது.

அந்தப் பானை அத்தையுடையதுதான். இருபத்தாறு வருஷமாக இந்த இடத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், கண்டக்டர், வழியில் போகிற லாரிக்காரன், எல்லாரும் குடிப்பார்கள். பஸ்ஸையே நிறுத்திக் குடித்துவிட்டுப் போகிற டிரைவர் உண்டு. தை மாதத்தில் ஒருநாள் அத்தை அதைக் கவிழ்த்துவிட்டது. நான் தினமும் ஆடு பற்றிக்கொண்டு இதைத் தாண்டித்தான் போகிறேன். பார்த்தேன். ஓட்டையாகிவிட்டது போல என்று நினைத்தேன். விசாரணையெல்லாம் முடிந்த பிறகு அம்மா போய்க் கேட்டிருக்கிறாள், ஏன் கவிழ்த்தே என்று. அத்தை சொன்னதாம்: "நான் குடிக்கிறேன், அது என் விதி. வழியில போறவனுக்கு இதை எப்படி ஊத்துவேன்?"

இதை அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் நாலாவது மாதிரியாகச் சேர்த்திருப்பேன். எவ்வளவு நல்ல வாக்கியம்! அந்த ஆர்.டி.ஓ. அம்மா அழுதிருப்பார். ஏன் சொல்லவில்லை என்று அம்மாவைவிட்டுக் கேட்கச் சொன்னேன். அதற்கு அத்தை, "அவ கேட்டாளா?" என்றதாம்.

கேட்டாளாவாம். எட்டாம் வகுப்பில் கேட்டேன் சார். மூன்று கேள்வி கேட்டேன். உங்கள் கண்ணாடிக்கார அக்காதான் கடிகாரத்தைக் காட்டினாள்.

அதனால் சொல்கிறேன், உங்கள் பாடத்திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. அருமையாகச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே மத்தியானத்தில் வந்துவிட்டதே. கட்டணம் இல்லாமல், பரீட்சை இல்லாமல், ஒரு தக்காளி சாதத்துக்குக் கற்றுக்கொண்டேன். உங்கள் துறையிலேயே நல்ல மாணவி நான்தான். வேறு எந்த மாணவியாவது ஒரு ஊரை முழுசாக முடித்திருக்கிறாளா?

என்ன? என்ன சொன்னீர்கள்? எங்கள் ஊர் பாடத்தில் இருக்கிறதா?

மூன்றாம் அலகா. "நெருக்கடியில் நம்பிக்கையைப் பேணுதல்: ஒரு கிராம அனுபவம்." குலோத்துங்கன்தான் எடுக்கிறாரா. அதைத்தான் மாற்ற வேண்டும் என்று நீங்கள் கூட்டத்தில் சண்டை போட்டீர்களா. "அப்ப ஊர்ல போய்க் கேட்டுட்டு வாங்க" என்று இந்தப் படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்களா. சரிதான். உங்களுக்கும் எல்லாத்துக்கும் அஞ்சு போடத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

மடித்து உள்ளே வையுங்கள் அதை. நான் நிரப்ப மாட்டேன். என் எழுத்தில் இனி எதுவும் உங்கள் ஆபீசுக்குப் போகாது.

உங்கள் வகுப்பில் எத்தனை பேர்? ஐம்பத்தெட்டா? ஆளுக்கு இரண்டு வீடு. எங்கள் ஊர் முடிந்துபோகும், இரண்டு பேர் மிச்சமே. கூட்டிக்கொண்டு வாருங்கள். பேனர் வேண்டாம், தொப்பி வேண்டாம், வேஷம் வேண்டவே வேண்டாம். பொட்டலம் கொண்டுவந்தால் நானே ஆட்டுக்குப் போட்டுவிடுவேன். ஒவ்வொருத்தனும் வெள்ளைத் தாளோடு ஒரு வீட்டில் உட்காரட்டும். அவர்கள் சொல்வதை எழுதட்டும். அவர்கள் பேசத் தொடங்குகிறவரைக்கும் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும். எழுதினதைத் திரும்பப் படித்துக் காட்டட்டும். ஆமாம் என்றால்தான் ரேகை. அடியில் "எழுதியவர்" என்று தன் பேரும் ரெஜிஸ்டர் நம்பரும் போடட்டும். பஸ் மூன்றரைக்கு எடுத்தால் நடந்து வரட்டும்.

இது என்ன முறை, எந்த அலகில் வரும் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். எனக்கு அது தெரியாது, வேண்டவும் வேண்டாம். எனக்கு வேண்டியது ஐம்பத்தெட்டுப் பேரின் எழுத்து. கோழி கிளறினாலும் பரவாயில்லை. எந்த எழுத்தும் இன்னொன்று மாதிரி இருக்கக் கூடாது. அதைக் கட்டி அந்த ஆர்.டி.ஓ. அம்மா மேஜையில் வைக்க வேண்டும். அப்புறம் குலோத்துங்கன் எதைப் பக்கத்தில் வைப்பார் என்று பார்க்கிறேன்.

அனுமதி கிடைக்காதா? நீங்கள் இன்னும் நிரந்தரம் ஆகவில்லையா? தெரியும். ஆட்களைப் பார்த்தாலே தெரிகிறதே. அப்படியானால் என்ன மேம்படுத்த வந்தீர்கள் சார், காகிதத்தின் வழவழப்பையா?

அதோ பாருங்கள். அந்த வேலிக்கு அப்பால், இடுப்பில் குடத்தோடு. வெள்ளையம்மா அத்தைதான். கொஞ்ச நாளாகக் குடிக்கிற தண்ணீருக்குப் பக்கத்து ஊர்க் குழாய்க்குப் போய்விட்டு வருகிறது. ஒரு நடைக்கு ஒரு குடம், இரண்டு மைல். வழக்கமாக இந்தக் கல்லில்தான் குடத்தை இறக்கி மூச்சு வாங்கும். நான் நின்றால் இறக்காது, நேராகப் போய்விடும். அதனால் நான் ஆட்டை ஓட்டிக்கொண்டு அந்தப் புளியமரத்துப் பக்கம் போகிறேன். உங்கள் பையை எடுங்கள், கல்லைக் காலியாக வையுங்கள். வெள்ளைத் தாள் இருக்கிறதா? அந்தப் படிவத்தின் பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது, அதில் எழுதுங்கள். நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள். பானையைப் பற்றி நீங்களாக எடுக்காதீர்கள். அத்தையே அந்தப் பேச்சுக்கு வரும். மெதுவாகத்தான் வரும், நடுவில் உங்கள் ஊர், உங்கள் அம்மா அப்பா எல்லாம் கேட்கும், பதில் சொல்லுங்கள். அடியில் உங்கள் பெயர். முழுப் பெயர், பதவியோடு.

ஹாரன் கேட்கிறதா? வளைவில் திரும்பிவிட்டான். இன்றைக்கென்று பார்த்துச் சரியான நேரத்துக்கு வருகிறான், பன்னிரண்டே கால். கை காட்டாவிட்டால் நிற்க மாட்டான்.

நான் போகிறேன். பேனாவை எடுக்கிறீர்களா, கையைக் காட்டப் போகிறீர்களா சார்?